கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு

அண்ணன் சொல்லி அனுப்பியது மூன்று விஷயம். காய்ச்சலுக்குக் கிடைக்கிற கொய்னா மாத்திரையைக் கொண்டு வா. உப்பு கொண்டு வா. வரும் வழியில் ஒரு மரத்தின் மேலும் கத்தி படக்கூடாது. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் அது. மலாயாவில் குளுவாங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் கித்தாத் தோட்டம், ரப்பரைத்தான் அப்படிச் சொல்வோம். துரை ஓடிவிட்டார். பால் வெட்டு பாதியாகக் குறைந்துவிட்டது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதல் லாரியில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, ஒரு கடுதாசி கூட வரவில்லை. இரண்டாவது லாரிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் வந்தது. அவன் அண்ணனின் பெயரைச் சொன்ன மறுநாள் அண்ணன் வீட்டில் இல்லை.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை தொடங்கும். மலைக்கு மேல் மலையாக ஏறி இறங்கிக் கிழக்குக் கடற்கரை வரை போகும் என்பார்கள். முழுக்க நடந்தால் ஏழெட்டு நாள் ஆகுமாம். ரொட்டான் பிரம்பு வெட்டுகிறவர்களும் காட்டு மக்களும் நடந்து நடந்தே உண்டாக்கிய பாதை. அதில் இரண்டு நாள் தூரத்தில், ஆளில்லாத ஒரு ரொட்டான் குடிசையில் அண்ணன் ஒளிந்திருந்தார். சேதி கொண்டுவந்த சீனர் ரொட்டான் வெட்டுகிறவர். அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல் இரண்டு முறை வந்துவிட்டது, மூன்றாவது முறை வந்தால் தாங்காது என்று அவர் கையை விரித்துக் காட்டினார். வழியையும் அவர்தான் சொன்னார். ஆற்றோடு போ, கல்லருவியில் ஏறு, முகடு வந்ததும் வலது பக்கம்.

நானும் அண்ணியும் கிளம்பினோம். அண்ணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்கு இருபது. அண்ணியின் அம்மா பொந்தியானில் சாகக் கிடப்பதாகத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் சொல்லி ஆறு நாள் விடுப்பு வாங்கினோம். நன்றாக இருந்த கிழவியைச் சாகடிக்க அண்ணிக்கு வாய் வரவில்லை, நான்தான் சொன்னேன். பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும்.

முதுகுச் சுமையை நாங்களே தைத்தோம். கோணிச் சாக்குக்கு வெளியே கித்தாப் பாலைப் பூசிக் காயவைத்தால் மழை உள்ளே இறங்காது. தோளுக்கு வார் பழைய சைக்கிள் டியூப். என் சாக்கில் மரவள்ளி வற்றல், கருவாடு, ஒரு கம்பளி, ஒரு சட்டி. அண்ணியின் சாக்கில் பால் டின்னில் அடைத்த உப்பும், துணிக்குள் துணியாகச் சுற்றிய பத்தொன்பது மாத்திரைகளும். அந்தப் பத்தொன்பதுக்காக அண்ணி தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். கழுத்தில் செபமாலை மட்டும் மீதி.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பினோம், பயந்து ஒளிந்து போகிற மாதிரி தெரியக்கூடாது என்று. எங்கள் கூலி லயத்தின் கடைசி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார், வாயில் விரலோடு தலையை ஆட்டினார். அவர் மனைவி வெட்டுவது என் நிரைக்கு அடுத்த மர நிரை. ஆறு வருஷம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மரங்களை வெட்டியிருக்கிறோம். தினமும் பார்க்கிற வீடு என்பதால் நானும் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

ஆற்றோரம் வரைக்கும் சுகமாக இருந்தது. அண்ணி மெதுவாக ஒரு பாட்டுக்கூட முனகினாள். கல்லருவியில் ஏறியதும் காடு மாறிவிட்டது. கித்தாத் தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்கும், எங்கே நின்றாலும் நாலு பக்கமும் சந்து தெரியும். அங்கே சந்தே இல்லை. பகலிலேயே இருட்டு. அட்டைகள் காலில் ஏறி, பாவாடைக்குள் ஏறி, பிடுங்கினால் இரத்தம் நிற்காமல் வழிந்தது. சுமையின் வார் தோளை அறுத்தது. பிற்பகலில் மேகம் இறங்கி மூன்றாவது மரம் தெரியாமல் போயிற்று. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைத் தாண்டினோம். அரை மணி நேரம் கழித்து அதே மரத்தை மறுபடியும் தாண்டினோம். மூன்றாவது முறை அந்த மரம் எதிரே வந்தபோது அண்ணி அதன் மேல் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். இடுப்பிலிருந்து பால் வெட்டும் கத்தியை எடுத்தேன்.

"அவரு வேணாம்னு சொல்லியிருக்காரே, புள்ள" என்றாள் அண்ணி.

"அவரு மேல உக்காந்துட்டு ஆயிரம் சொல்லுவாரு. இங்க சுத்திச் சுத்திச் சாகப் போறது நாமதான்" என்றேன்.

பக்கத்து மரத்தில் ஒரு கோடு போட்டேன். வேறு எப்படியும் போடத் தெரியாது. இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்குகிற கோடு, பத்து வயதிலிருந்து கை பழகியது. அதிலும் என் கோட்டுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. தொடங்குகிற இடத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிடும். 'தொடங்கும்போதே மரத்தைக் கொல்லாதே' என்று மண்டோர் என்னைத் திட்டாத நாளில்லை. வெட்டுக்காரர்களின் கோடு கையெழுத்து மாதிரி. யார் வெட்டிய மரம் என்று பக்கத்து நிரைக்காரருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அதன் பிறகு இருபது முப்பது அடிக்கு ஒரு கோடு. வழி தப்பவில்லை. மாலையில் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கி, நெருப்பு மூட்டாமல் வற்றலைத் தின்றுவிட்டு முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தோம்.

காலையில் பார்த்தால் சட்டியைக் காணோம். முந்தின நாள் கடைசியாகத் தண்ணீர் குடித்த ஓடையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மாத்திரையைக் கரைக்க, கஞ்சி வைக்க, அண்ணனுக்கு அது வேண்டும். அண்ணியைப் பாறையடியில் விட்டுவிட்டு நான் மட்டும் கீழே இறங்கினேன். ஆறேழு மரம் இறங்கியிருப்பேன். ஒரு ஜெலுத்தோங் மரத்தில் நான் போட்ட கோட்டைப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. கிட்டே போனேன். என் கோட்டை ஒட்டி, அதே சாய்வில், ஒரு நூல் கனத்துக்குப் பட்டையைச் சீவியிருந்தது. நேற்று வெட்டிய மரத்தை இன்று வெட்டுகிறவன் எப்படி வெட்டுவானோ அப்படி. ஏற்கெனவே கோடு இருக்கிற மரத்தில் வேறு இடத்தில் கத்தி வைக்க வெட்டுக்காரன் கை ஒத்துக்கொள்ளாது. என் கோட்டில் பால் உறைந்து மஞ்சளாகியிருந்தது. கீழ்க் கோட்டில் பால் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. ஜெலுத்தோங்கும் கித்தா மாதிரிதான், வெட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் ஓட்டம் நின்றிருக்கும். கோடு முடிகிற இடத்தில் கத்தியைச் சுழற்றி எடுத்ததால் சிறு கொக்கி போல ஒரு வளைவு.

கொஞ்சம் கீழே, பாதையை விட்டு ஒதுங்கி, ஒருவர் இருமினார். சட்டியை மறந்துவிட்டு, சத்தம் வராமல் மேலே ஏறினேன்.

"மண்டோர்தான்" என்றேன் அண்ணியிடம். வேறு யாரை நினைப்பது? மண்டோராவதற்கு முன்னால் தோட்டத்திலேயே பேர்போன வெட்டுக்காரன் அவன். கத்தி இன்னும் இடுப்பில் தொங்கும். இருமல் ஓயாது. போன வாரம்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்று, சிரித்தபடியே, "அண்ணன் எங்க போனான்? சொன்னா ஒங்களுக்கு நல்லது" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். நாங்கள் போகிற இடம் தெரிந்தால் போதும், பின்னாலேயே ஜப்பான்காரனைக் கூட்டி வரலாம். அதற்காகத்தான் அவன் திரும்பி வரும் வழிக்கு என் அடையாளத்தையே புதுப்பித்துக்கொண்டு வருகிறான். நான் போட்டுக் கொடுத்த வழி.

அண்ணி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் என் கத்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், "இப்ப என்ன செய்யறது?" என்று மட்டும் கேட்டாள்.

அரைமணி ஏறினால் முகடு. சீனர் சொன்ன மாதிரி அங்கே பாதை பிரிந்தது. வலது பக்கம் அண்ணன் இருக்கிற மேடு. இடது பக்கம் ஒரு பள்ளத்துக்கு இறங்கும் மிருகத் தடம். அடியில் ஓடை சத்தமும் மூங்கில் உரசும் சத்தமும் மட்டும் வரும். முகடு வரை வழக்கம்போலக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே அண்ணியிடம் சொன்னேன், "நீங்க மாத்திரையோட மேல போங்க அண்ணி. ஒரு கெளைய ஒடிக்காதீங்க. நான் இவன எறக்கிவிட்டுட்டு வரேன்."

"தனியாவா? புலி இருக்குன்னாங்களே."

"புலி சயாமுக்கு ஆள் புடிக்காது. போங்க."

அண்ணி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். அவள் மறைகிற வரை நின்றேன். பிறகு இடது பக்கம் திரும்பி முதல் மரத்தில் கோடு போட்டேன். அந்தக் கோடுகளை நான் அவசரமாகப் போடவில்லை. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு வெட்டுகிற மாதிரி, கண்ணில் படுகிற உயரத்தில், தெளிவாக, பதினொரு கோடு. தடம் போகப் போக முள் ரொட்டானும் மூங்கிலும் மூடிக்கொண்டது. கால் வைத்த இடமெல்லாம் சறுக்கியது. பதினோராவது மரத்துக்கு அப்பால் எது வழி, எது வழியில்லை என்று எனக்கே தெரியவில்லை. அங்கே நிறுத்தினேன். தண்ணீருக்குள் இறங்கி, கால் தடம் படாமல் ஓடையோடு மேலே வந்து ஒரு மூங்கில் புதருக்குள் உட்கார்ந்தேன்.

உச்சி வேளைக்கு ஆள் வந்தது. முகம் தெரியவில்லை. இருமல் கேட்டது. பிறகு சர்ரக்கென்று பட்டை சீவுகிற சத்தம். கொஞ்சம் நடை. மறுபடியும் சர்ரக். ஒவ்வொன்றையும் எண்ணினேன். என் பதினொரு மரத்துக்கும் பதினொரு சத்தம். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பதினோராவது கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு என் வாயில் கசக்கிறது.

அந்தி சாய்வதற்குள் குடிசையை அடைந்துவிட்டேன். அண்ணி எனக்கு முன்பே வந்து முதல் மாத்திரையைக் கொடுத்திருந்தாள். அண்ணன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் மட்டும் அவருடையது. நடந்ததைச் சொன்னேன். கத்தி வைத்ததற்காக என்னைத் திட்டினார், பிறகு, "சரி, நல்ல வேலை செஞ்சே" என்றார். அந்தப் பாராட்டுக்கு நான் மகிழ்ந்தேன். ஒரு நாள் தங்கினோம். காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை கீழே கிளம்பினோம், பள்ளத்துப் பக்கம் போகாமல் முகட்டின் மறுபுறமாக.

பாதி முகடு கடக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து, தூரத்தில், "ஊ... ஊ..." என்று. அண்ணி நின்றாள்.

"யாரோ கூப்பிடறாங்க."

"கொரங்கு" என்றேன்.

"கொரங்கு மாதிரி இல்லையே, புள்ள. பால் எடுக்கறப்ப நம்மாளுங்க கூப்பிடற மாதிரி இருக்கு."

அப்படித்தான் இருந்தது. எனக்கும் தெரிந்தது. மண்டோருக்கு அந்தக் கூப்பாடு தெரியாதா என்ன? ஏமாற்றிக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அவன் அங்கேயே கிடந்தால்தான் அண்ணனுக்கு உயிர் என்றும் நினைத்தேன். "நடங்க அண்ணி" என்றேன். இன்னும் இரண்டு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் காலை நானும் அண்ணியும் பிரட்டுக்குப் போனோம். மண்டோர் எல்லோருக்கும் முன்னால் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வெற்றிலை போட்டிருந்தான். சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. மலை ஏறிய கால் இல்லை அது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று அண்ணியைக் கேட்டான். அவள் எதையோ சொன்னாள். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ இன்னிக்கு மேட்டுக்கு அந்தப் பக்க நெரைக்குப் போ" என்றான் என்னிடம். "கடேசி வீட்டுக்காரன் அஞ்சு நாளா ஆளக் காணோம். லாரிக்குப் பயந்து ஓடிட்டான்."

மேட்டுக்கு அந்தப் பக்கம், கடைசி வீட்டுக்காரர் வெட்டும் நிரையில், நான் அதுவரை வெட்டியதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு முதல் மரத்தைப் பார்த்தேன். நேர்த்தியான கோடு. முடிகிற இடத்தில் சிறு கொக்கி. அடுத்த மரத்துக்கு ஓடினேன். அதிலும் கொக்கி. அந்த நிரை முழுக்க, மரத்துக்கு மரம், அந்தக் கொக்கி இருந்தது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ஒரு மங்கு பால்கூட நான் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி வீட்டுக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணி குழாயடிக்குப் போயிருந்தாள். வந்தவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தங்கச்சி, வழியில எங்க வீட்டுக்காரரப் பாத்தியா?"

"எங்கக்கா?"

"எங்கிட்ட மறைக்காத. நீங்க மூட்டையோட போறத அவரு பாத்தாரு. அவரு பேரும் லாரியில இருக்கு. 'அவங்க அண்ணன் இருக்கற எடத்துக்குத்தான் போறாங்க, பின்னாடியே நானும் போயிடறேன்'னாரு. கூடவே போங்களேன்னேன். 'பொம்பளப் புள்ளைங்க, பின்னால ஆள் வருதுன்னு தெரிஞ்சா பயந்துருங்க, தள்ளியே போறேன். போய்ச் சேந்தப்புறம் சொல்லிக்கலாம்'னாரு. வழியெல்லாம் மரத்துல கோடு போட்டுட்டுப் போவாராம். பத்து நாள் கழிச்சு அதப் பாத்துட்டே புள்ளையத் தூக்கிட்டு வரச் சொன்னாரு. எனக்குத்தான் காட்டுக்குள்ள போகத் தைரியம் வருமான்னு தெரியல. அங்க நல்லாருக்காருல்ல?"

"இல்லக்கா. நாங்க யாரையும் பாக்கல" என்றேன். அது பொய்கூட இல்லை.

அப்போது அவர் கூப்பிட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. போயிருக்கலாம். மறுபடி இரண்டு நாள் பிரட்டுக்கு வராவிட்டால் மண்டோர் மோப்பம் பிடிப்பான், அண்ணன் மாட்டுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் போகாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. பள்ளத்தில் அவர் உயிரோடு இருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதையும் பார்க்க வேண்டும். எனக்குப் பயம். 'போகாதீங்கக்கா, புலி நடமாட்டம் இருக்கு' என்று அவளைத் தடுக்க மட்டும் வாய் வந்தது. அவளும் போகவில்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு அண்ணன் இறங்கி வந்தார். லயமே கூடிக் கொண்டாடியது. கடைசி வீட்டுக்காரி ஓர் ஓரமாக நின்று, அண்ணனுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் என்னிடம் வந்தாள். "அந்தப் பாதையக் காட்டு. கோடு இருக்கான்னு நானே பாத்துக்கறேன்" என்றாள். இந்த முறை என்னால் மறுக்க முடியவில்லை.

குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் சுமை கட்டிக்கொண்டு ஏறினோம். விழுந்து கிடந்த மரம் வந்ததும் நான் பின்தங்கினேன். கோடுகள் அப்படியேதான் இருந்தன, ஆறிப்போய்த் தழும்பாக. கீழ்க் கோட்டின் கொக்கியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது. "இவருதான், இவருதான்" என்று மரத்துக்கு மரம் தொட்டுக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள்.

முகட்டில் நான் நின்றேன். வலது பக்கம் கை காட்டினேன். "இத்தோட கோடு நின்னு போச்சுக்கா. அண்ணன் இருந்த எடம் இந்தப் பக்கம்தான்."

அவள் என் கையைப் பார்க்கவில்லை. "ஏன், இந்தா இருக்கே" என்று இடது பக்கம் இறங்கினாள். அவள் பின்னாலேயே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினோராவது மரம் வந்தது. அதற்கு அப்பால் முள்ளும் மூங்கிலும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் முள்ளை விலக்கி எட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னொரு மரத்தில் ஒரே ஒரு கோடு, கொக்கியோடு. அதைத் தாண்டி இன்னொன்று. அவர் நிற்கவில்லை. அவள் பின்னால் வருவாள் என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

அவள் பதினோராவது மரத்துக்குத் திரும்பி வந்தாள். இதுவரை கீழ்க் கோட்டை மட்டும் தொட்டவள் முதல் முறையாக மேல் கோட்டைத் தொட்டாள். இடது பக்கம், அது தொடங்குகிற இடத்தில் அவள் விரல் நின்றது. அங்கே தழும்பு ஆழமாக இருந்தது. ஆறு வருஷம் என் பக்கத்து நிரையில் வெட்டியவள் அவள். என் கை அவளுக்குத் தெரியும்.

வலது பக்கம் இருந்த அண்ணன் குடிசைக்கு இடது பக்கம் எதற்குக் கோடு என்று அவள் கேட்கவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ இங்கயே நில்லு" என்றாள். "இனிமே அவரு கோடு இருக்கு. நான் போயிக்கறேன்."

முள்ளை விலக்கிக்கொண்டு அவள் தனியாக உள்ளே போனாள். நான் அந்த மரத்தடியில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளத்துக்குள்ளிருந்து அவள் அவரைக் கூப்பிட்டாள், பால் எடுக்கும்போது கூப்பிடுகிற மாதிரி.